ஸ்பிரிங் மாற்றிய பிறகு முன்பக்கத்தில் 'டொக்' சத்தம்: பழைய போல்ட்டுகளையே திரும்ப மாட்டலாமா?

ஈசூன்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய ஜப்பானிய செடான் காருக்கு 12 வயதாகிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருப்பதால், இன்னும் சில ஆண்டுகள் இதே காரோடுதான் காலம் தள்ள வேண்டும். சென்ற மாதம் முன் இடதுபக்க ஸ்பிரிங்கின் அடிச்சுருள் ஒடிந்து டயரை உரசும் தூரத்தில் நின்றதைப் பார்த்து, நான்கு ஸ்பிரிங்குகளையும் ஒரேயடியாக மாற்றிவிட்டேன். குலுக்கலை அடக்கும் அப்சார்பர்கள் போட்டு ஓராண்டுதான் ஆகிறது என்பதால் அவற்றை மாற்றவில்லை.

வேலை முடிந்து மூன்று வாரங்கள் கழித்து இரண்டு சத்தங்கள் தொடங்கின. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பின்னால் எடுக்கும்போதும், ஹம்ப்பில் (வேகத்தடையில்) ஏறி இறங்கும்போதும், முன் இடதுபக்கத்தில் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கிறது. பின்பக்கத்தில் பழைய இரும்புக் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது போன்ற முனகல் வருகிறது. நேராகப் போகும்போது ஸ்டியரிங்கும் சற்று இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. புதிய ஸ்பிரிங் உட்கார நாளாகும் என்றும், பழைய போல்ட்டுகளைத்தான் திரும்ப மாட்டினோம், அவற்றில் குறையொன்றும் இல்லை என்றும் பட்டறையில் சொன்னார்கள்.

ஸ்பிரிங் மாற்றும்போது போல்ட்டுகளையும் மாற்றியாக வேண்டுமா? சக்கரத்தைக் கழற்றாமல் நானே ஏதாவது பார்க்க முடியுமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் பழுது வேலை செய்யக் கூடாது என்பது தெரியும். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டுமே கேட்கிறேன்.

இரவுப்பணி

நான் வாடகைக் கார் ஓட்டுபவன். பதினைந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை ஸ்பிரிங், அப்சார்பர் மாற்றியிருக்கிறேன். எந்தப் பட்டறையிலும் புதிய போல்ட் போட்டதை நான் பார்த்ததில்லை. நட்டை வேகமாகச் சுற்றும் இம்பாக்ட் கன்னை வைத்து 'டர்ர்' என்று இறுக்குவார்கள், அவ்வளவுதான், நானும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் சத்தம், கார் சாய்வைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்து வரலாம். அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

பழைய பட்டறைக்காரர்

இரவுப்பணி தம்பி சொல்வதைத் தள்ளிவிட முடியாது, லிங்க் தேய்ந்தாலும் ஹம்ப்பில் சத்தம் வரும். ஆனால் அது தொடர்ந்து 'கடகட' என்று ஆடும் சத்தம். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பின்னால் எடுக்கும்போது ஒரே ஒரு முறை 'டொக்' என்றால், ஏதோ ஒன்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்து உட்காருகிறது என்று பொருள். ஸ்பிரிங் வேலைக்குப் பிறகு, அதுவும் ஸ்டியரிங் சாய்வோடு சேர்ந்து வருவதால், என் கண் முதலில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளையும் சேர்க்கும் அந்த இரண்டு பெரிய போல்ட்டுகள் மேல்தான் போகும். அங்கே போல்ட் துளைக்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். இரண்டு போல்ட்டுகளுக்கும் நடுவே 60 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை மாறிவிடும்.

சக்கரத்தைக் கழற்றாமல் பார்க்க வழி உண்டு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டயருக்குப் பின்னால் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். போல்ட்டின் தலையைச் சுற்றியோ நட்டைச் சுற்றியோ செம்பழுப்பு நிறத்தில் மாவு போன்ற தூசு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மழையில் பிடித்த துருவன்று. இரண்டு இரும்புகள் ஒன்றோடொன்று உரசி உதிர்த்த பொடி. அடுத்து, நட்டின் விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் பளபளப்பான தடம் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். நட் முன்பு உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருந்தால் அந்தப் பிறை காட்டிக்கொடுத்துவிடும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் விரைவுச்சாலைப் பக்கம் போகாமல், பக்கத்திலுள்ள பட்டறைக்கு மெதுவாக எடுத்துச் செல்லுங்கள்.

பட்டறையில் ஒரு காரியத்தை மட்டும் செய்ய விடாதீர்கள். தளர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் அதே போல்ட்டை அப்படியே இறுக்கிக் கொடுத்துவிடப் பார்ப்பார்கள். தளர்ந்த நிலையில் ஓடிய போல்ட்டை வெளியே எடுத்துப் பார்க்காமல் இறுக்கக் கூடாது. கம்பித் தூரிகையால் துடைத்து, கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். மரையில் நட்டைக் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண நட் கடைசிவரை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஓரிடத்தில் பிடித்தால் அந்த இடத்தில் போல்ட் நீண்டுவிட்டது. தண்டில் விரல்நகத்தை ஓட்டும்போது படி தட்டினால், அது குப்பைக்குரியது. அதைவிட முக்கியம், ஸ்ட்ரட்டின் அடியில் நக்கிளைக் கவ்வும் பிடியிலுள்ள துளை வட்டமாகவே இருக்கிறதா என்பது. துளை முட்டை வடிவமாகிவிட்டால் எத்தனை புதிய போல்ட் போட்டாலும் பயனில்லை, ஸ்ட்ரட்டையே மாற்ற வேண்டியதுதான்.

பல கார்களில் இந்தப் போல்ட்டின் தலைக்குக் கீழே பல்வரிசை போன்ற வரிகள் இருக்கும். அவை துளையில் கடித்துக்கொண்டு நிற்பதற்காக உள்ளவை. ஆகவே தலையை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் சுற்ற வேண்டும். அவசரத்தில் தலைப்பக்கம் கன்னை வைத்துச் சுற்றினால் அந்தப் பற்களும் போகும், துளையும் போகும். சின் மிங்கில் நான் வேலை பார்த்த 31 ஆண்டுகளில் புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் அதிகம் சத்தம் போட்டது இந்த ஒன்றுக்காகத்தான்.

ஈசூன்வாசி

மிக்க நன்றி ஐயா. இன்று காலை கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். இடதுபக்க மேல் போல்ட்டின் நட்டருகே நீங்கள் சொன்ன செம்பழுப்புத் தூசு இருக்கிறது, வலதுபக்கம் இல்லை. சனிக்கிழமை காக்கி புக்கிட்டில் வேறொரு பட்டறையில் நேரம் வாங்கியிருக்கிறேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அதற்குள் ஒன்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். அவ்வளவு பெரிய போல்ட், இறுக்கி மூன்றே வாரத்தில் எப்படித் தளர முடியும்?

கப்பல்பட்டறை

நான் கார் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் போல்ட் இணைப்புகளைப் பரிசோதிப்பது என் வேலை. அளவுதான் மாறுகிறதே தவிர, போல்ட் வேலை செய்யும் விதம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

போல்ட் என்றால் துளையில் செருகிய ஆணி, அதன் தண்டு காரின் எடையைத் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஸ்ட்ரட் பிடியையும் நக்கிளையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு பரப்புகளுக்கும் இடையிலான உராய்வு. போல்ட்டின் வேலை, இறுக்கமாக நீட்டப்பட்ட ரப்பர் வளையம் போல அவற்றை அழுத்திக்கொண்டிருப்பது மட்டுமே. தலையில் 10.9 என்று வலிமை வகை பொறித்த, 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ள போல்ட்டை எடுத்துக்கொள்வோம். அதைச் சுமார் 220 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் ஏறக்குறைய 8 டன் அழுத்தம் உண்டாகும். அந்த அழுத்தத்தைத் தருவதற்காக, 60 மில்லிமீட்டர் நீளமுள்ள தண்டு வெறும் 0.15 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். நாம் அச்செடுக்கும் தாளின் தடிமனே 0.1 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்றரைத் தாள் அளவு நீட்சியில்தான் உங்கள் சக்கரம் நேராக நிற்கிறது.

அந்த நீட்சி குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். அழுத்தம் குறைந்தால் பரப்புகள் வழுக்கத் தொடங்கும். ஒவ்வொரு வழுக்கலிலும் நட் இம்மியளவு பின்வாங்கும். மூன்று வாரம் என்பது அதற்குத் தாராளமான காலம்.

இம்பாக்ட் கன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் போடும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நூற்றுக்கு 40 பங்கு மரையின் உராய்விலும் போய்விடுகிறது. போல்ட்டை நீட்டப் பயன்படுவது நூற்றுக்குப் பத்துப் பங்குதான். மரையில் கொஞ்சம் துருவோ மண்ணோ சேர்ந்தால் அந்தப் பத்து ஐந்தாகிவிடும், கையில் இறுகியது போலவே தெரியும். மாறாக, யாராவது மரையில் எண்ணெய் பூசிவிட்டுக் கையேட்டிலுள்ள அதே எண்ணுக்கு இறுக்கினால், அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடி, போல்ட் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. கையேடு உலர்ந்த மரை என்று சொன்னால் உலர்ந்த மரைதான்.

இரவுப்பணி

விளக்கம் நன்றாகவே இருக்கிறது அண்ணன், மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்காரர் ஒவ்வொரு நட்டுக்கும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை கார் பார்ப்பார்? கழற்றும்போது உதவும் அதே கன் மாட்டும்போது மட்டும் எப்படிக் கெட்டதாகிவிடும்? இன்னொன்று, போல்ட் துருப்பிடிக்காமல் இருக்க வன்பொருள் கடையில் ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கிப் போடலாமா? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

கப்பல்பட்டறை

உங்கள் நண்பரிடம் அதை இன்றே கழற்றச் சொல்லுங்கள். கடையில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 மெகா பாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும், 10.9 வகை 900 வரை தாங்கும். பளபளப்பாக இருக்கும், பாதிப் பலம்தான் இருக்கும்.

கன்னைப் பொறுத்தவரை, கழற்றுவதற்கும் நட்டை உட்கார வைப்பதற்கும் தாராளமாகப் பயன்படுத்தட்டும். கடைசி இறுக்கம் மட்டும் டார்க் ரெஞ்சில் இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. முன்பக்க வேலையில் அப்படி இறுக்க வேண்டிய பெரிய நட்டுகள் ஒரு பக்கத்துக்கு நான்கைந்துதான், பத்து நிமிடம்கூட ஆகாது. அலகையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 103 நியூட்டன் மீட்டர் என்று எழுதியதை அடி பவுண்டு அளவுகோலில் 103 என்று வைத்து இறுக்கினால் உண்மையில் 140 நியூட்டன் மீட்டர் ஏறிவிடும்.

பழைய பட்டறைக்காரர்

ஈசூன்வாசி தம்பி, பின்பக்க முனகலை யாரும் கவனிக்கவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகைக் காரில் பின்னால் இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் ஒரே ஆக்சிலான டார்ஷன் பீம்தான் இருக்கும். ஸ்பிரிங்கை எடுக்க இரண்டு அப்சார்பர்களின் கீழ்ப் போல்ட்டையும் கழற்றி, ஆக்சிலைக் கீழே தொங்கவிடுவார்கள். வேலை முடிந்ததும் கார் லிஃப்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் போல்ட்டுகளை இறுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

அந்தப் போல்ட் போகும் ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவில் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு வரும் அசைவு முழுவதையும் ரப்பர் முறுகித்தான் தாங்க வேண்டும். ஆக்சில் ஆர்மின் நீளம் 400 மில்லிமீட்டர், தொங்கும்போது 80 மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று கொண்டால், காரைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் ஏறக்குறைய 11 பாகை முறுகிய நிலையில்தான் இரவும் பகலும் நிற்கும். முதலில் முனகும், சில மாதங்களில் கிழியும்.

சரியான முறை எளிமையானது. வேலை தொடங்கும் முன், கார் சமதரையில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். மாட்டும்போது போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, ஜாக்கால் ஆக்சிலை அந்த அளவு வரும்வரை தூக்கி, அதன் பிறகே முழு முறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். முன்பக்கத்தில் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைத் தளர்த்தியிருந்தாலும் இதே முறைதான். ஸ்ட்ரட்டுக்கும் நக்கிளுக்கும் இடையில் ரப்பர் இல்லாததால், அந்தப் போல்ட்டுகளைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயங்கள் உண்டு. ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் நக்கிளைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டிவைக்க வேண்டும். மேலே பானெட்டுக்குள் தெரியும் மூன்று சிறிய நட்டுகளுக்கு 40, 50 நியூட்டன் மீட்டரே போதும். கன்னை வைத்தால் மரை உரிந்துவிடும்.

இதைப் படிக்கும் வேறு யாரேனும் வீட்டில் ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்ற நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். சாதாரண ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அழுத்தினால், அதற்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கடன் வாங்கிய அழுத்தும் கருவியின் கொக்கி நழுவினால் ஸ்பிரிங் முகத்தில்தான் வந்து விழும்.

உட்லண்ட்ஸ்73

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஜெர்மன் கார். கையேட்டில் '70 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு 90 பாகை' என்று போட்டிருக்கிறது. மலேசியாவின் ஜோகூர் பாருவில் ஸ்பிரிங் மாற்றத் திட்டமிட்டிருக்கிறேன். எனக்கும் பழைய போல்ட் போதுமா?

கப்பல்பட்டறை

உங்களுக்குப் போதாது. முறுக்குவிசையோடு பாகைக் கணக்கும் சேர்ந்து வந்தால், அந்தப் போல்ட்டை அதன் மீளும் எல்லை வரையோ அதைத் தாண்டியோ நீட்டுவதாகப் பொருள் கொள்ளுங்கள். அப்படி நீண்டது பழைய அளவுக்குத் திரும்பாது என்பதால், கையேடு 'ஒவ்வொரு முறையும் மாற்றுக' என்று குறித்திருக்கும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டுங்கள். நைலான் வளையம் வைத்த நட்டுகளும் ஒருமுறைப் பொருளே. ஈசூன்வாசியின் கார் போன்றவற்றில் பாகைக் கணக்கு இல்லாத இடங்களில், போல்ட் பரிசோதனையில் தேறினால் மறுபடி பயன்படுத்தலாம், நட்டை மட்டும் புதிதாக்கலாம். விலை சில வெள்ளிகள்தான் என்பதால், நானாக இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

ஈசூன்வாசி

சனிக்கிழமை வேலை முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கையேட்டின்படி ஸ்ட்ரட் போல்ட்டுக்கு 200க்கு மேல் இருக்க வேண்டும். இடதுபக்க மேல் நட் 110 நியூட்டன் மீட்டரிலேயே அசைந்துவிட்டது. கீழ் நட் 150இல் அசைந்தது. வலதுபக்கம் தூசு இல்லாவிட்டாலும் சோதிக்கச் சொன்னேன், அங்கேயும் இரண்டும் 170க்குள்தான். மேல் போல்ட்டை வெளியே எடுத்தபோது தண்டின் நடுவில் கண்ணாடி போல் தேய்ந்த பட்டை ஒன்று இருந்தது, விரல்நகம் தட்டியது. துளை வட்டமாகவே இருந்ததால் ஸ்ட்ரட் தப்பித்தது.

காரணம் தெரிந்தபோதுதான் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்ட்ரட் பிடியின் உட்புறமும், நக்கிளோடு சேரும் பரப்பும், நட் உட்காரும் இடமும் தடிமனான கருப்புப் பெயிண்டால் மூடியிருந்தன. நட்டைச் சுற்றிப் பெயிண்ட் பிதுங்கி, விளிம்பில் வரப்பு போலக் காய்ந்திருந்தது. ஸ்பிரிங் மாற்றும்போது துரு தெரிகிறது, கொஞ்சம் பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்று முதல் பட்டறையில் கேட்டுக்கொண்டவனே நான்தான். அவர்கள் நான் சொன்னதைச் செய்தார்கள். சேரும் பரப்புகளில் அடிக்கக் கூடாது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கப்பல்பட்டறை

புதிர் அவிழ்ந்தது. தலைக்கு அடியில், நக்கிளுக்கும் ஸ்ட்ரட் பிடிக்கும் இடையில் இருபுறமும், நட்டுக்கு அடியில் என்று ஒரு போல்ட்டுக்கு நான்கு இடங்களில் பெயிண்ட் சிக்கியிருக்கிறது. இறுக்கும் நேரத்தில் அதுவும் கெட்டியாகவே நின்றிருக்கும், முறுக்குவிசை சரியாகவே காட்டியிருக்கும். பிறகு 8 டன் அழுத்தத்தில் நாளுக்கு நாள் பிதுங்கி வெளியேறுகிறது. நான்கு இடங்களிலும் சேர்த்து 0.1 மில்லிமீட்டர் பிதுங்கினால் போதும், 0.15 நீட்சியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆக, முதல் பட்டறை டார்க் ரெஞ்சே பயன்படுத்தியிருந்தாலும் இது தளர்ந்திருக்கும்.

இரவுப்பணி

அப்படியென்றால் கன் மேல் குற்றமில்லை என்று எழுதிக்கொள்ளலாமா அண்ணன்?

பழைய பட்டறைக்காரர்

முன்பக்கத்துக்கு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. பின்பக்கம் என்ன ஆயிற்று, அலைன்மெண்ட் பார்த்தார்களா?

ஈசூன்வாசி

சேரும் பரப்புகளில் பெயிண்டைக் கரைத்துத் துடைத்து, வெறும் இரும்பாக்கி, நான்கு புதிய போல்ட், நான்கு புதிய நட் போட்டு, டார்க் ரெஞ்சில் இறுக்கினார்கள். நட்டிலிருந்து பிடி வரை வெள்ளைப் பேனாவால் ஒரு கோடும் போட்டார்கள். அலைன்மெண்ட் செய்தபோது இடதுசக்கரம் முக்கால் பாகை சாய்ந்திருந்தது தெரிந்தது, இப்போது ஸ்டியரிங் நேராக நிற்கிறது. நேற்றோடு 100 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன். கோடு விலகவில்லை, சத்தமும் இல்லை. சக்கர நட்டுகளை மட்டும் மறுபடி 103இல் சரிபார்த்துக்கொண்டேன்.

பின்னால் நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது ஐயா. கார் தரையில் நிற்கும் நிலையில் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தியபோது, புஷ்ஷின் உள்குழாய் 'டப்' என்று தானாகவே சுழன்று நின்றது. வலதுபக்கப் புஷ்ஷில் ரப்பர் ஓரம் கிழியத் தொடங்கியிருக்கிறது. அந்தப் புஷ் தனியாகக் கிடைக்குமா அல்லது அப்சார்பரோடுதான் வாங்க வேண்டுமா என்று பட்டறையில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரை சரியான உயரத்தில் வைத்து இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள், முனகல் பெரும்பாலும் போய்விட்டது. சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் வரை பின்னால் 372 மில்லிமீட்டர்.

பழைய பட்டறைக்காரர்

அந்த 372ஐ ஒரு தாளில் எழுதி கார் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள் தம்பி. கைபேசியில் மட்டும் படமெடுத்து வைத்தால், பாகம் வந்து சேரும் நாளில் அந்தக் கைபேசி எங்கே, அந்தப் படம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.